மேட்டுப்பாளையத்தில் நூற்று நாற்பது

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வந்த கொதிப்பு அடங்காமல் போனதற்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டும், அதைப் பற்றி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத நானும்தான் காரணம்.

நான் நீலகிரியில் எமரால்டு அணைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு ஊட்டி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறவர். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரோடு கீழே போய்விட்டுத் திரும்பினேன். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பர்லியாறு தாண்டியதும் உப்ப ஆரம்பித்து, குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டார். மேலே போகப் போக வெளியே காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்டிருக்கும் காற்று விரியும், காது அடைப்பதும் அதனால்தான் என்று ஏழாம் வகுப்புக்கு நடத்துவதுபோல நடத்தினேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தப் பாடத்தை எனக்கே திருப்பி நடத்துவார் என்று தெரிந்திருந்தால், "எனக்கென்னங்க தெரியும், சாப்பிடுங்க" என்று சொல்லியிருப்பேன்.

கொதிப்பு இருப்பது தெரிந்தது ஒரு ஜனவரி மாதத்துக் காலையில். வெளியே புல்லெல்லாம் உறைபனி. வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் சிஸ்டர் எங்கள் வாசலில் நின்றார். என் கணவர் பனியன், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ஜெர்கின் என்று உட்கார்ந்திருந்தார். கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன் என்றார். "குளுருதுங்க சிஸ்டர், மேலயே கட்டுங்க." கட்டினார்கள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. ஸ்வெட்டருக்கு மேல் பார்த்தால் சரியாக வராது என்று சிஸ்டர் விடாப்பிடியாக நின்று, எல்லாவற்றையும் கழற்ற வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். நூற்று எழுபத்தாறு.

அவர் சொன்ன முதல் வார்த்தை, "எனக்குக் கோவமே வராதுங்களே சிஸ்டர்."

அது உண்மை. நாலு பேரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கொண்டை ஊசி வளைவில் வெளியூர் கார்க்காரன் தப்பான பக்கத்தில் ஏறி வந்து மூக்கோடு மூக்கு நின்றாலும், சிரித்துக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பவர் அவர். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவது நான். சிஸ்டர் வந்தது வந்தாயிற்று என்று எனக்கும் பட்டையைக் கட்டினார். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஷின் ஆள மாத்திச் சொல்லுதுங்க!"

கோபக்காரர்களுக்குத்தான் இது வரும் என்பதில்லை, குடும்பத்தில் இருந்தால் வரும், உப்பு அதிகம் சேர்த்தால் வரும், எடை கூடினால், புகைத்தால், குடித்தால், தூக்கம் கெட்டால் வரும், பல பேருக்கு இன்னதுதான் காரணம் என்று கையைக் காட்டவே முடியாது என்றார் சிஸ்டர். வலிக்காது, காய்ச்சல் வராது, ஒரு அறிகுறியும் இருக்காது, அதுதான் இதில் மோசம் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

என் மாமனார் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் காலை, தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் நின்றபடியே சாய்ந்தார். வலது கையும் காலும் போயின. மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். "அப்பாவுக்குப் பனி புடிச்சு கைகால் இழுத்துக்கிச்சுங்க, பிரஷரெல்லாம் இல்ல" என்றார் என் கணவர். பிரஷர் பார்த்தீர்களா என்று சிஸ்டர் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் பாதி உடம்பைப் பனியின் தலையில் போட்டுவிட்டு ஒரு குடும்பமே நிம்மதியாக இருந்திருக்கிறது.

ஊட்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதினார். தினமும் காலையில் ஒன்று. உப்பைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் ஒரு மிஷின் வாங்கி, அளவுகளை நோட்டில் எழுதி, ஆறு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஆறு வாரத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம். உப்பைக் குறைத்தேன். மனிதர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். இவ்வளவு நல்ல மனிதரா என்று நினைத்தேன். வண்டியின் டேஷ்போர்டைத் திறந்தால் ஊறுகாய் பாட்டில். மண்டியிலிருந்து வரும்போது கருவாடு வாங்கிவந்து, "இது உப்புல போட்டதில்ல, வெயில்ல காயவெச்சது" என்றார். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிலோ இந்துப்பு வாங்கிவந்தார். இது வேற உப்பு, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமாம். கல்லாக இருந்தாலும் இளஞ்சிவப்பாக இருந்தாலும் உப்பு உப்புதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அக்கம்பக்கம் இன்னும் மோசம். பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயம் என்று ஆளுக்கொரு வைத்தியம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜெபக் கூட்டத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு பிரஷராமே, நீ கொஞ்சம் சத்தம் போடாம இரும்மா" என்றார். மாத்திரையை மறந்தது அவர், ஊறுகாயை ஒளித்தது அவர், சத்தம் போடாமல் இருக்க வேண்டியது நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு என் கையில் பட்டையைக் கட்டியிருந்தால் மிஷினே வெடித்திருக்கும்.

நாலாவது வாரம் அவர் மண்டியிலிருந்து திரும்பும்போது முகமெல்லாம் பல். கையில் ஒரு துண்டுச் சீட்டு. மண்டிக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் பார்த்ததாம். நூற்று நாற்பதுக்கு எண்பத்தெட்டு. அன்று சாயங்காலம் வீட்டில் பார்த்தேன், நூற்று எழுபது. மறுநாள் கீழே நூற்று முப்பத்தெட்டு. மேலே வந்ததும் நூற்று அறுபத்தெட்டு.

"பாத்தியா டீச்சர்? எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் மலை பண்ற வேல. நீதான சொன்ன, மேல வந்தா உள்ள அடைபட்டது உப்பும்னு? காது அடைக்கறதில்ல? பாக்கெட்டு உப்பறதில்ல? ரத்தக்குழாயும் அப்படித்தான். கீழ போனா சரியாயிருது."

நான் படித்த படிப்பு, நடத்திய பாடம் எல்லாம் அந்த நிமிஷம் என் எதிரே நின்று பல்லிளித்தது.

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தேன். ஏனுங்க, நீங்க ஒட்டி அடைச்ச பாக்கெட் இல்லீங்க, ரத்தம் காத்து இல்லீங்க என்று ஆரம்பித்தேன். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அதனால் அளவு கொஞ்சம் ஏறும், அது நிஜம். கீழே வெயிலில் குழாய் விரியும். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள், லோடு இறக்கிவிட்டு அரைமணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறீர்கள், குறையாமல் என்ன செய்யும்? அப்படிக் குறைந்தும் நூற்று நாற்பது என்றால் சந்தோஷப்பட அதில் என்ன இருக்கிறது? கீழே இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே இதயம்தானே? குடியிருப்பது மேலே, அளவு மட்டும் கீழேயா?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசியில், "புஸ்தகத்துல இருக்கறது சரிதான். ஆனா மலை என்ன பண்ணும்னு வண்டி ஓட்டறவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் மட்டுமாவது சொன்னால் பரவாயில்லை. மண்டிக்கு வரும் மலை டிரைவர்கள் எல்லோரும் அந்தக் கடையில் வரிசையில் நின்று கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் கீழே கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. சோலூர்க்காரர் ஒருவர் சொன்னார், இவர் தலையாட்டினார். கோத்தகிரிக்காரர் ஒருவர் சொன்னார், இவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மலையில் குடியிருப்பவர்களுக்கு இது சகஜம், மாத்திரை மேலே இருக்கிற வரைக்கும்தான், கீழே தேவையில்லை என்று அவர்களுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

நோட்டில் நான் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இடதுபக்கம் 'மேலே', வலதுபக்கம் 'கீழே'. ஆறு வாரம் முடிந்து ஊட்டிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அளவு இறங்காவிட்டால் இன்னொரு மாத்திரை சேர்ப்பேன், ஆரம்பத்தில் தலைசுற்றலாம், அது சரியாகும் வரை மலைப்பாதையில் வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வந்த அன்று என் கணவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கை. வண்டி எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்தால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அதுவும் கேரட் அறுவடை நேரம்.

புது நோட்டு ஒன்று எடுத்தேன். அழகான கையெழுத்தில், 'கீழே' பத்தியை மட்டும் எழுதினேன். மேலே, கீழே என்ற தலைப்பெல்லாம் இல்லை. தேதி, அளவு, அவ்வளவுதான். டாக்டர் பார்த்தார். பரவாயில்லையே, இறங்கி வருகிறது, இதே மாத்திரையைத் தொடருங்கள் என்றார். என் கணவர் ஊட்டி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு வர்க்கி வாங்கித் தந்தார். நான் தின்றேன்.

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வாய் கிழிய அறிவுரை சொன்ன டீச்சர் செய்த காரியம் இது. அவரிடம் நான் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து பார்க்கிற ஆளும் அவரில்லை.

மே மாதம் எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து வீடு எடுத்தாள். பள்ளி விடுமுறை. வண்டியிலேயே பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் இருந்தோம். தினமும் காலையில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பார். வெயிலில் எனக்கு எதையும் துருவிக் கேட்கத் தெம்பில்லை. பதினோராம் நாள் காலை மேலே கிளம்பினோம்.

பர்லியாறு தாண்டி இரண்டு மூன்று வளைவு ஏறியிருப்போம். திடீரென்று ஹெட்லைட்டைப் போட்டார். வேகத்தைக் குறைத்தார். வைப்பரைத் தட்டிவிட்டார்.

"என்னங்க?"

"மேகம் எறங்கிருச்சு பாரு. இந்த நேரத்துல இங்க எறங்கவே எறங்காது."

நான் வெளியே பார்த்தேன். பளீரென்று வெயில். எதிரே பள்ளத்தில் பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. கைப்பிடிச் சுவரில் குரங்கு ஒன்று குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்த கண்ணாடியின் மேல் வைப்பர் கீச்கீச்சென்று போய்வந்தது.

"ஏனுங்க, வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏம்மா?"

"ஓரங்கட்டுங்கன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினார். இடது கண்ணை மூடச் சொன்னேன். வலது கண்ணால் என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் காது தெரியுது, முடி தெரியுது. நடுவுல மேகமா இருக்குது" என்றார். வலது கண்ணை மூடினால் எல்லாம் தெரிந்தது. வலி இருக்கிறதா என்றேன். துளியும் இல்லை என்றார். இந்தக் கண்ணோடு இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

வைப்பரை நிறுத்தினார்.

"பத்து நாளா ஆச்சு ஆச்சுன்னீங்களே, போட்டீங்களா இல்லியா?"

"மாத்திரை ஊட்டுலயே இருக்குது. கீழதான இருக்கப்போறோம், எதுக்குன்னு எடுத்து வெக்கல."

மேலேயிருந்து காலி வண்டியோடு இறங்கிவந்த தெரிந்த டிரைவர் ஒருவரைக் கை காட்டி நிறுத்தினோம். எங்கள் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, அவர் வண்டியில் ஏறி, வந்த வழியே கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பட்டையைக் கட்டிய பெண் அளவைப் பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் பார்த்து, எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்று இருபது. என் கணவர் சுற்றிலும் பார்த்தார். மேலே மின்விசிறி ஓடியும் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், இது கோயமுத்தூருங்களே" என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவ்வளவு எரிச்சலிலும் எனக்கு அழுகை வந்தது.

சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் திரையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, ரத்தம் கசிந்து, நடுப்பகுதி நீர்கோத்து நிற்கிறது என்றார் டாக்டர். படமெடுத்துக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகத் தீற்றல். "உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாயைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் இது ஒன்றுதான். வருஷக்கணக்காக அழுத்தம் தாங்கித் தாங்கி இங்கே குழாய்கள் தடித்துப் போயிருக்கின்றன. இங்கே இப்படி என்றால் கிட்னியிலும் இதயத்திலும் மூளையிலும் உள்ள குழாய்கள் மட்டும் தப்பித்திருக்குமா? அதையும் பார்த்தாக வேண்டும்" என்றார். மாமனார் சாய்ந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. என் கணவருக்கு இப்போது ஐம்பது.

ரத்த அழுத்தம் எழுதி வைத்த நோட்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். என் கைப்பையில் இருந்தது. புது நோட்டு. எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல எல்லாம் நூத்தி நாப்பதுக்குள்ளதானே இருக்கு? வீட்டுல எப்பவும் இவ்வளவுதான் இருந்துச்சா? கணக்கு உதைக்குதே."

நான் என் கணவரைப் பார்க்காமல் சொன்னேன். "அது வீட்டுல பார்த்தது இல்லீங்க டாக்டர். மேட்டுப்பாளையத்துல பார்த்தது. வீட்டுல நூத்தி அறுவத்தஞ்சுக்குக் குறைஞ்சதே இல்லீங்க. அத நான் இதுல எழுதல."

டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, ஊசிக்கு எழுத ஆரம்பித்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சொட்டு மருந்தில் அவருக்கு இரண்டு கண்ணும் கூசியது. துண்டால் மறைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான் சொன்னத நீயும் நம்பிட்டியா டீச்சர்?"

"நம்பலீங்க" என்றேன். "பயந்துட்டேன்."

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குக் கோபமே வராது என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

கண்ணுக்குள் ஊசி மூன்று தடவை போட்டார்கள். சிவப்பு வற்றியது. சுற்றிலும் தெரிகிறது, நடுவில் மட்டும் அந்த மேகம் போகவில்லை, போகாது என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரில் புரதம் கசிவதால் கிட்னியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊட்டி டாக்டரிடம் பழைய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது மாத்திரை இரண்டு, மேலேயும் கீழேயும் ஞாயிற்றுக்கிழமையும். வண்டியை வேறு டிரைவர் ஓட்டுகிறார். இவர் கேரட் கழுவும் இடத்தில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, மண்டிக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், "மேல பார்த்த அளவு என்ன, அதச் சொல்லு" என்று கேட்டு உயிரை வாங்குகிறார். ஒருவரும் கேட்பதாக இல்லை. மருந்துக்கடையில் வரிசை அப்படியேதான் நிற்கிறதாம்.

தினமும் காலையில் வாசலில் நின்று அணைப் பக்கம் பார்த்துவிட்டு, திரும்பாமலே என்னைக் கேட்பார்: "மேகமா?"

சில நாள் நிஜமாகவே மேகம் இருக்கும். ஆமாங்க என்பேன். வெயில் அடிக்கிற நாட்களில்தான் சங்கடம். ஆமாங்க, மேகம்தான் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒரு நாளாவது அந்தக் குறை அவர் கண்ணில் இல்லாமல் வானத்தில் இருக்கும். நாக்கு நுனி வரை வந்துவிடும். ஆனால் அவருக்காக ஒரு நோட்டு முழுக்க நல்ல கையெழுத்தில் எழுதியவள் நான்.

"இல்லீங்க" என்பேன். "நல்ல வெயிலுங்க."

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு, என் பக்கமாகக் கையை நீட்டுவார்.